சர்வருக்குச் சந்தனப் பொட்டு

ஆயுத பூஜைக்கு ஆபீசைக் கழுவுங்கள், ஒட்டடை அடியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஜெய்சங்கர் சாருக்கு அது போதாது. ஸ்கேன் படங்கள் இருக்கும் சர்வர் கம்ப்யூட்டரையும் கூட்டிப் பெருக்க வேண்டுமாம். தென்னூரில் எங்கள் ஸ்கேன் சென்டருக்கு அவர் மேனேஜர். டேட்டாபேஸைக் கட்டிக்கொண்டு அழும் பாவி நான்.

போன வாரம்தான் டேட்டாபேஸில் பாதியைப் புது டிஸ்க்குக்கு மாற்றியிருந்தேன். பழைய டிஸ்க்கில் இனித் தேவைப்படாத மிச்சக் கோப்புகள் கிடந்தன; அவற்றை அழிக்கச் சொன்னார் ஜெய்சங்கர். அவற்றுக்கு நடுவே, இன்னும் மாற்றாத பழைய ஸ்கேன் படங்களின் கோப்பும் இருந்தது. "எது தன்னோடதுன்னு டேட்டாபேஸையே கேக்கணும் சார். மத்ததை ஒதுக்கி வச்சு, ஒரு வாரம் பாத்துட்டுத்தான் அழிக்கணும்" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கடைசியில் நச்சரிப்புத் தாங்காமல் பாஸ்வேர்டைக் கொடுத்துத் தொலைத்தேன். அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பூஜையன்று காலை ஸ்ரீரங்கத்தில் வீட்டில் இருந்தேன். ரிசப்ஷனில் இருக்கும் சித்ராதேவி போன் செய்தாள்.

"அக்கா, மருங்காபுரி செல்லக்கிளியம்மா வந்திருக்காங்க. அவங்க பழைய படம் திறக்கமாட்டேங்குது. ஒரு வருஷமா தேதி மாறாத ஃபைலையெல்லாம் சார் நேத்து அழிச்சிட்டாராம்."

பழைய படத்தை யார் திருத்தப் போகிறார்கள்? தேதி எப்படி மாறும்? தூ!

செல்லக்கிளிக்கு நுரையீரலில் ஒரு கட்டி. இரண்டு வருஷத்துக்கு முன்பிருந்த அளவே இருந்தால் விட்டுவிடலாம், ஒப்பிட முடியாவிட்டால் அறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "பிலிம் எதுக்கும்மா, இங்க பத்திரமா இருக்கும்" என்று அந்தப் படம் எடுத்த அன்றைக்கு அவளை அனுப்பிவைத்தவரும் இதே ஜெய்சங்கர்தான்.

"சித்ரா, சர்வரை யாரும் அணைக்கக் கூடாதுன்னு சார்கிட்ட சொல்லு. ஃபைல் பேர்தான் போயிருக்கும், உள்ள இருக்கறதை டேட்டாபேஸ் இன்னும் கையில புடிச்சிருக்கும். ஆஃப் பண்ணாத வரைக்கும் மீட்டுடலாம். இதோ வரேன்."

பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. ஜெய்சங்கர் போனை எடுக்கவே இல்லை. உள்ளே நுழைந்ததும் ஊதுவத்திப் புகை முகத்தில் அடித்தது. சர்வரில் ஒரு விளக்குகூட எரியவில்லை. முகப்பெல்லாம் சந்தனம், குங்குமம், தலையில் பொரி.

"சித்ரா சொன்னா. ஆனா நல்ல நேரம் முடியப் போகுதேம்மா. பூஜையில வச்சதை ஓட விடலாமா? அதான் ஆஃப் பண்ணிட்டேன்" என்றார், வாய் நிறையச் சுண்டலோடு.

படங்களின் நகல் இருந்த பேக்கப் டிஸ்க்கைக் கேட்டேன்.

"பூஜை வீடியோவுக்கு எடம் வேணும்னு காலையிலதான் காலி பண்ணேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மாகிட்ட அழிச்சிட்டோம்னு சொல்லிடாதீங்க. அன்னைக்குப் படமே சரியா விழலைன்னு சொல்லிடுங்க."

சீ, இதெல்லாம் ஒரு ஜென்மம்! அவர் நீட்டிய பொரிப் பொட்டலத்தைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன்.

செல்லக்கிளி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க பழைய படத்தை நாங்க அழிச்சிட்டோம்மா. அழிக்க விட்டது நான்தான்" என்றேன்.

அவள் கை நெஞ்சுக்குப் போயிற்று.

"அப்ப அறுத்துத்தான் பாக்கணுமா?"

"ஆமாம்மா."