எலோய் உட்கார்ந்த நாற்காலி

ரெனாட்டா பாக்காவுக்குப் பத்தொன்பது வயது. தென் கொலராடோவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கேக் பிரிவில் வேலை. கேக்கின் மேல் அவள் வரையும் ரோஜாக்களுக்கு ஊரில் தனி மவுசு. அவளுக்கோ கிரீமில் வரைந்து அலுத்துவிட்டது. ஓவியத்தில் இரண்டு வருடப் பட்டம் வாங்கி, அப்படியே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தாள். எந்தக் கல்லூரி என்பதுதான் பாக்கி.

அப்பா எலோய், மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். ஏப்ரலில் பனி ஓய்ந்ததும் ஒருநாள் லீவு போட்டு, தன் பிக்கப் வண்டியில் மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

முதல் கல்லூரி, முழுக்கக் கண்ணாடி. சுற்றிக்காட்ட வந்த பையன் உணவுக்கூடத்தைக் காட்டினான், உடற்பயிற்சிக் கூடத்தைக் காட்டினான். ஓவியக்கூடத்தை மட்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றே காட்டினான். உள்ளே தரை பளபளத்தது.

"ஒரு சொட்டு பெயிண்ட் சிந்தினா ஆளக் கூப்ட்டுத் திட்டுவாங்க போலிருக்கே" என்று எலோய் முணுமுணுத்தார்.

"சும்மா வாங்கப்பா, மானத்த வாங்காதீங்க" என்றாள் ரெனாட்டா. அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போயிருந்தது. மனதுக்குள் ஏறக்குறைய சேர்ந்தேவிட்டாள்.

இரண்டாவது கல்லூரியின் ஓவியத்துறை, பழைய மளிகைக் கிடங்கு ஒன்றில் இருந்தது. பக்கத்துக் கடையில் பச்சை மிளகாய்க் குழம்பு ஊற்றிய பரீட்டோ என்ற மெக்சிகோ ரொட்டிச் சுருள் கிடைக்கும் என்பதால்தான் எலோய் அங்கே வர ஒப்புக்கொண்டார். சாப்பிட்டுவிட்டு இருவரும் உள்ளே எட்டிப் பார்த்தபோது, வகுப்பு ஆரம்பிக்காமல் சலசலத்துக்கொண்டிருந்தது. போஸ் கொடுக்க வரவேண்டிய ஆளின் கார் வழியில் நின்றுவிட்டதாம்.

ஆசிரியை மோரீன் டஃபோயாவின் கைகளில் முழங்கைவரை களிமண். அவர் ரெனாட்டாவைப் பார்க்கவே இல்லை. எலோயைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"சார், கொஞ்ச நேரம் ஒக்காருவீங்களா?"

எலோய் மிரண்டுபோனார். "துணியோடதானேம்மா?"

வகுப்பே சிரித்தது. "தொப்பியக்கூடக் கழட்ட வேணாம்" என்றார் மோரீன்.

எலோய் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். ரெனாட்டாவின் கையில் யாரோ கரித்துண்டைத் திணித்தார்கள். அவள் மளமளவென்று வரைந்தாள். ரோஜா வரைகிற அதே வேகம். அழகான முகம், நிமிர்ந்த தோள்.

பக்கத்தில் வரைந்துகொண்டிருந்தவர் லொரேன், ஓய்வுபெற்ற தபால்காரப் பெண்மணி. அவர் எட்டிப் பார்த்தார். "யாருடி இது, சினிமா நடிகரா? ஒங்கப்பாவுக்குக் கழுத்தே கெடையாதே!"

"ஏன், இருக்கே!" என்று சிலுப்பிக்கொண்டாள் ரெனாட்டா. பிறகு அப்பாவைப் பார்த்தாள். இருந்த கழுத்து கொஞ்சம்தான். அதோடு இடது தோள் வலதைவிட நன்றாக இறங்கியிருந்தது. இத்தனை குளிர்காலமும் ஓட்டுநர் இருக்கையின் இடது ஜன்னல் பக்கம் சாய்ந்து, சாலையின் நடுக்கோட்டைப் பார்த்துப் பார்த்தே ஓட்டியவர். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர். இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாய், குதிக்கலாம் போல இருந்தது. வரைந்ததைத் துணியால் துடைத்துவிட்டு, அந்தத் தோளிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

மணி அடித்தது. எலோய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துவந்தார். "தொப்பைய ஒருத்தராவது விட்டீங்களா, பாவிங்களா!" மகளின் தாளுக்கு முன்னால் வந்ததும் நின்றார். ஒரு தோளும் ஒரு காதும் மட்டுமே இருந்தன.

"முடிக்கலியா?"

"இல்லப்பா. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."

கிளம்புமுன் ரெனாட்டா மோரீனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: இங்கே படித்ததைப் பல்கலைக்கழகத்தில் அப்படியே ஏற்றுக்கொள்வார்களா?

"நான் சொன்னா நம்பாத. போன வருஷம் போனவங்களயே கேளு" என்று இரண்டு பேரின் தொலைபேசி எண்களைக் கொடுத்தார் அவர். வண்டியில் ஏறியதுமே ரெனாட்டா ஒருத்தியிடம் பேசிவிட்டாள். ஒரு பாடம்கூட வீண்போகவில்லை என்றாள் அந்தப் பெண்.

"அப்ப அந்தக் கண்ணாடிக் காலேஜு?" என்றார் எலோய். "அங்க வாயப் பொளந்துக்கிட்டு நின்னியே?"

"அங்க எங்கையில ஒரு கரித்துண்டு குடுத்தாங்களாப்பா?"

"குடுக்கல. ஆனா சுத்தமா இருந்துச்சு."

"ஒங்களுக்கே அது பிடிக்கலியே!"

"எனக்குப் பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன? படிக்கப்போறது நீ" என்றார். பிறகு சாலையைப் பார்த்தபடியே, "அந்த மூலையில ஒரு பையன் வரஞ்சான் பாரு, மூக்க மட்டும். அத்தாம் பெரிசாவா இருக்கு எனக்கு?" என்றார்.

ரெனாட்டா திரும்பி நிதானமாகப் பார்த்தாள்.

"இருக்குப்பா."

கரி படிந்த விரலால் அதைத் தொட்டும் காட்டினாள். அவர் மூக்கில் கறுப்பாய் ஒட்டிக்கொண்டது. அப்பாவிடம் அதைச் சொல்லாமல், வீட்டு வாசலில் அம்மா பார்த்துச் சிரிக்கும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள்.