மஞ்சள் மூடி

மானிட்டர் சூடேற அரை மணி நேரம் ஆகும். அதுவரை யார் வந்து என்ன அவசரம் என்று குதித்தாலும் கலர் அக்கா நிறம் அளக்கும் கருவியைக் கையில் எடுக்க மாட்டாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். ஜன்னலின் சாம்பல் நிறத் திரைச்சீலையை இழுத்து மூடினாள். மேலே எரிந்த ட்யூப் லைட்டை அணைத்தாள். மெல்லிய துணியால் மானிட்டரின் முகத்தைத் துடைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த போட்டோ லேபில் எட்டு மானிட்டர்கள். எட்டுக்கும் அவள்தான் வைத்தியம். மானிட்டர் என்பது நாளாக நாளாக நிறம் திரியும். ஒன்று நீலமடிக்கும், ஒன்று பச்சையடிக்கும். அதை நம்பித் திருத்திய படம் அச்சில் வேறொன்றாக வந்து நிற்கும். ஒரு தடவை கல்யாணப் பெண் ஆல்பம் முழுக்கக் காமாலை கண்டவளாக வந்து, மாப்பிள்ளை வீட்டார் லேப் வாசலில் நின்று கத்தியிருக்கிறார்கள். அதிலிருந்து மாதம் ஒரு தடவை எட்டையும் நேர்ப்படுத்துவது அவள் பொறுப்பு. அதனால்தான் கலர் அக்கா என்று பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

இந்த மாதம் தவறிவிட்டது. தம்பியோடு பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு நேற்றுத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு மீசை எட்டிப் பார்த்தான். இது அவன் உட்கார்ந்து வேலை பார்க்கிற மானிட்டர்.

"சிவப்புச் சட்டையோட உள்ள வராதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது? அந்தச் சிவப்பு அப்படியே கண்ணாடியில அடிக்குது. போ வெளியில."

வழக்கமாக இதற்கு ஒரு பதில் வைத்திருப்பான். சட்டையைக் கழற்றிவிட்டு வரட்டுமா என்பான். மூஞ்சியையும் கழற்றிவிட்டு வா என்று இவளும் விடாமல் திருப்பிக் கொடுப்பாள். இன்று அவன் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். பயலுக்கு வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டாள்.

சும்மா உட்கார்ந்தால் போதும், தம்பியின் கை கண்முன் வந்துவிடும். அவன் வேலை பார்த்தது தகடு வெட்டும் பிரஸ் மெஷினில். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். கை உள்ளே போகாமல் தடுக்க மெஷினின் முன்னால் இருக்க வேண்டிய மூடியை, பத்து மாதத்துக்கு முன்னால் மோட்டார் ரிப்பேருக்காகக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவேயில்லை. மூடி இருந்தால் ஒரு ஷிப்டுக்கு நூறு தகடு குறையும். இப்போது கம்பெனி வேறு பாட்டுப் பாடியது. மூடி இருந்ததாம், தம்பிதான் அவசரத்தில் தானே கழற்றிவிட்டுக் கையை விட்டானாம். விபத்துக்குப் பிறகு அதைத் திரும்ப மாட்டிவிட்டார்களாம். நாளைக் காலையில் விசாரணை. கம்பெனி சொல்வது நின்றுவிட்டால் நஷ்டஈடும் கிடையாது, வேலையும் கிடையாது. கூட வேலை செய்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து கண்ணீர் விட்டார்கள். சாட்சி சொல்ல வருவீர்களா என்று இவள் கேட்டதும் சுவரைப் பார்த்தார்கள்.

அரை மணி ஆனதும் எழுந்து, உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கருவியை மானிட்டரின் நடுவில் தொங்கவிட்டாள். கறுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்கள் ஒவ்வொன்றாக அதற்கடியில் வந்து நின்று போயின. பார்த்தால் பச்சை எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. "அடப்பாவி, இதுல பார்த்தா வேலை செஞ்சான்?" என்று வாய்விட்டே திட்டினாள். இரண்டாம் தடவை ஓட்டியபோது எல்லாம் கோட்டில் வந்து நின்றன. அந்த நேரத்தில் மனசுக்கு எப்போதும் ஒரு நிம்மதி வரும், அன்றும் வந்தது.

முதலாளி உள்ளே வந்தார். கையில் விரல் நீளத்துக்கு ஒரு தகரத் துண்டு. அதில் மஞ்சள் பெயிண்ட்.

"முடிஞ்சுதாம்மா? கஸ்டமர் வெளியில உட்கார்ந்திருக்காரு. ரெண்டு தடவை பிரிண்ட் போட்டாச்சு, மஞ்சள் பச்சையாவே வருதுங்கறாரு. மீசையால ஆகலை. நீயே பார்த்துடு."

அவரே குனிந்து படத்தைத் திறந்தார். அவரே பெரிதாக்கிக் கொடுத்தார். மானிட்டர் முழுக்க ஒரு மஞ்சள் பரப்பு, ஓரத்தில் இரண்டு திருகாணி. அவ்வளவுதான் தெரிந்தது. அவளுக்கு அது புதிதில்லை. கண்ணிமையைத் திருத்தும்போது முகம் தெரியாது. பரு எடுக்கும்போது ஆள் தெரியாது.

"இது என்ன சார், பீரோ கதவா?"

"ஏதோ மெஷின் பாகம். கேட்டலாக்குக்கு. நீ மஞ்சளை மட்டும் பாரு."

தகரத் துண்டை வெள்ளை விளக்கின் கீழ் வைத்து, மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன் நிறத்துக்குக் கொண்டுவந்தாள். ஓரத்தைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினாள். வேறு எங்கிருந்தோ வெட்டிக் கொண்டுவந்து ஒட்டியது பளிச்சென்று தெரிந்தது. கேட்டலாக்கில் இதெல்லாம் சகஜம்; ஆனால் ஒட்டுவதில் ஒரு நறுவிசு வேண்டாமா? ஓரத்தை மென்மையாக்கினாள். இடது பக்கம் நிழல் விழ வைத்தாள்.

"ரொம்பப் புதுசா தெரியுதும்மா. கொஞ்ச நாள் ஓடின மாதிரி வேணுமாம்" என்றார் முதலாளி, அவள் தோளுக்குப் பின்னால் நின்று.

"கேட்டலாக்குல யாராவது பழசைக் காட்டுவாங்களா சார்?"

"அவங்க இஷ்டம். நமக்கென்ன?"

கைபட்டுத் தேய்ந்த இடத்தில் மஞ்சளைச் சற்று மங்கவைத்தாள். திருகாணியைச் சுற்றி அழுக்கு. கைப்பிடி பக்கத்தில் ஒரு கிரீஸ் கறை. அழுக்குக் கட்டைவிரல் பட்டு இழுத்துக்கொண்டு போனது போல, ஒரு பக்கம் திட்டாகவும் மறுபக்கம் மெலிந்தும். தம்பி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கதவில் அப்படித்தான் கறை வைப்பான். பதினைந்து நிமிடம். சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள். யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

"அட்டகாசம்மா. நீ இரு, பிரிண்டை நான் பார்த்துக்கறேன்" என்றார் முதலாளி.

"நான் பார்க்காம என்னிக்கு சார் வெளியில போயிருக்கு?" என்று அவள் எழுந்து அவருக்கு முன்னால் பக்கத்து அறைக்குப் போனாள்.

அச்சு இயந்திரம் காகிதத்தை மெதுவாகத் தள்ளியது. மேலே ஒரு சுவர். பிறகு இரும்பு. இரும்பின் மேல் ஏழு என்று எண். பிறகு அவள் மஞ்சள், அவள் நிழல், அவள் கிரீஸ் கறை. கடைசியில் ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் சாம்பல் நிற மெத்தை.

அந்த மெத்தையை அவள்தான் தைத்துக் கொடுத்தாள். லேப் திரைச்சீலைக்கு வாங்கியதில் மிஞ்சிய துணி. நாளெல்லாம் உட்கார்ந்து இடுப்பு போகுது அக்கா என்று தம்பி சொன்னதற்காகத் தைத்தது. அதன் ஒரு மூலை பழுப்பாக இருந்தது. அது என்ன பழுப்பு என்று நிறம் பார்த்தே பிழைக்கிறவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார்... இது என் தம்பி மெஷின்."

முதலாளி காகிதத்தை அவள் விரல்களிலிருந்து மெதுவாக உருவினார். "தெரியும்மா."

"தெரியுமா?"

"சொன்னா நீ செய்வியா? மீசைக்கு வரலை. வருஷம் பூரா நமக்கு வேலை கொடுக்கிற கம்பெனிம்மா. நான் என்ன பண்றது?"

அவள் திரும்பி அந்த இருட்டு அறைக்கு ஓடினாள். மீசை மானிட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தான். படம் இருந்த இடம் காலியாக இருந்தது.

"அழிச்சிடச் சொல்லிட்டாருக்கா" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குக்கா."

வாசலில் கம்பெனி ஆள் நாலு பிரிண்டையும் எண்ணி உறையில் போட்டுக்கொண்டிருந்தான். முன்னால் கெட்டுப்போன பச்சை மஞ்சள் பிரிண்டுகளையும் கேட்டு வாங்கினான். ஒன்று விடாமல் நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டுவான் என்று நினைத்தாள், திட்டியிருந்தால் தேவலை. அவன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"நீ செஞ்சதா? அப்ப விடு. நாளைக்கு எழுந்து நின்னு, நான்தான் செஞ்சேன்னு சொல்லிடு. செஞ்சவ சொன்னா நம்ப மாட்டாங்களா?"

அன்று ராத்திரி அவன் நன்றாகத் தூங்கினான்.

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை. அதன் மேல் நாலு பிரிண்டும் வரிசையாகக் கிடந்தன. அதிகாரி கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர், குரலை உயர்த்தவேயில்லை. தம்பியை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

கலர் அக்கா எழுந்தாள்.

"சார், இந்த மூடி அங்க இல்லவே இல்லை. படத்துல நான்தான் சார் வெச்சேன். நேத்து, என் கையால."

கம்பெனி ஆள் அலுத்துக்கொள்ளாமல் எழுந்தான். "இவங்க இவரோட அக்கா சார். வேற எப்படிச் சொல்வாங்க? லேப் பில் இதோ இருக்கு. பிரிண்ட் மட்டும்னுதான் போட்டிருக்கு."

அதிகாரி பில்லைப் பார்த்தார். பிறகு ஒரு பிரிண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "எந்த இடத்துல ஒட்டியிருக்கு, காட்டும்மா."

அவள் அதை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், கண்ணருகே கொண்டுவந்து பார்த்தாள். ஓரம் இல்லை. நிழல் விழ வேண்டிய இடத்தில் விழுந்திருந்தது. மஞ்சள் மெஷினோடு மெஷினாக இருந்தது. பாவி, பாவி, இவ்வளவு சுத்தமாகவா செய்வாய் என்று தன்னையே வைதாள். அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் நேற்றைய சிரிப்பின் மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"மூடி இருந்தா என் கை எப்படி சார் உள்ள போகும்?" என்றான் அவன்.

"அதைத்தானேப்பா நீ கழட்டினேன்னு சொல்றாங்க."

"இந்தக் கறை சார்!" என்று அவள் ஓடிவந்து விரலை வைத்தாள். "இந்த கிரீஸ். இது நான் வரைஞ்சது. இது நிஜமில்லை சார், சத்தியமா நிஜமில்லை."

அதிகாரி பிரிண்டை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். கட்டைவிரலால் அந்தக் கறையைத் தேய்த்தார். மறுபடி ஒரு தடவை தேய்த்துவிட்டு விரலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நிஜ கிரீஸ் பட்டதுபோல விரலைத் துடைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.