கொஞ்சம் அட்ஜஸ்ட்

ஆங்கிலத்திலேயே வைதேகிக்குப் பிடிக்காத வார்த்தை ‘அட்ஜஸ்ட்’. மாமியாரின் குத்தல் பேச்சுக்கு அட்ஜஸ்ட் பண்ணினாள். கணவனின் வேலைக்காக வெளிநாட்டு ஊரான வால்டோர்ஃபுக்கு வந்தபோது தன் வேலையை விட்டாள். அதற்கும் பெயர் அட்ஜஸ்ட்தான். எந்தப் புண்ணுக்கும் கணவன் அரவிந்தனிடம் இந்த ஒரே களிம்புதான்.

இப்போது தியாகு. அரவிந்தனின் ஆபீசுக்குப் புதிதாக வந்தவன். வீடு கிடைக்கும்வரை ஒரு வாரம் என்று நுழைந்து ஆறு வாரமாகிறது. சாப்பாட்டு மேஜையில் நகம் வெட்டிப் போட்டான். குளியல் தொட்டியில் அவன் முடி பந்து பந்தாக அடைத்தது.

“பாவம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்றான் அரவிந்தன்.

இன்று காலை குளியலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கண்டதும் நேராக அரவிந்தனிடம் வந்தாள்.

“தியாகு நம்ம பிரஷ்ல பல் தேய்க்கிறாருங்க. கேட்டா, அவரோடது வந்த அன்னைக்கே தொலைஞ்சு போச்சாம்.”

அரவிந்தன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் காப்பியை உறிஞ்சினான். “நீ புதுசு வாங்கிக்கோயேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு.”

“எனக்கு எதுக்கு? என் பச்சை பிரஷ் அப்படியேதான் இருக்கு. அவர் கையில இருக்கிறது உங்க நீலம்.”

காப்பி மேஜையெங்கும் தெறித்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான் அரவிந்தன்.

ஆறு வாரமாகக் கிடைக்காத வீடு, தியாகுவுக்கு அன்று மதியமே கிடைத்தது.