நெஞ்சுக்கறி

ஆண்டனி முதலில் எறிந்தது உயிர்க்கோழியை. கூண்டிலிருந்து காலைப் பிடித்து இழுத்த வேகத்திலேயே விஜயராணியின் முகத்தில் வீசினான். அது அவள் கன்னத்தைக் கீறி, வாசலில் நின்ற ஸ்கூட்டியின் மேல் விழுந்து, தவளக்குப்பம் சந்திப்பின் ஞாயிற்றுக்கிழமை நெரிசலுக்குள் ஓடியது. கடலூர் பஸ் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. கோழி தப்பவில்லை.

"ஒரு கோழியப் புடிக்க முடியல," என்றான் ஆண்டனி. "உன்னை நம்பி எப்படி அண்ணி வெட்டுக்கட்டையக் குடுக்கிறது?"

கறி வாங்க நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். நெடுநாள் வாடிக்கைக்காரரான பக்கிரி மட்டும் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்தார்.

அந்தக் கடை விஜயராணியுடையது. புருஷன் சூசைநாதன் விபத்தில் செத்த பிறகு தனி ஆளாக நடத்திய கடை. புளியமரத்து வெட்டுக்கட்டை நடுவில் குழிந்திருப்பது அவள் கத்தி போட்ட குழி. இடது மார்பில் கட்டி கண்டு, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மார்பையே எடுக்க வேண்டி வந்தபோது, கடை மூடிக் கிடக்கக் கூடாதென்று புருஷனின் தம்பி ஆண்டனி கையில் கத்தியைக் கொடுத்துவிட்டுப் போனாள். உடம்பு தேறி வந்துவிட்டது. கத்திதான் திரும்பி வரவில்லை.

எடுத்த இடத்தில் வேறு மார்பு வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னபோது சொந்தக்காரிகள் முகம் சுளித்தார்கள். "புருஷன் இல்லாதவளுக்கு எதுக்குடி அது?"

"தராசுல ஒரு தட்டுல மட்டும் கல்லு வச்ச மாதிரி கீது. வெட்டக் குனிஞ்சா ஒரு பக்கமா சாயுறேன். எனக்கு நேரா நிக்கணும்," என்றாள் விஜயராணி. அதோடு பேச்சு முடிந்தது.

டாக்டர் நெஞ்சுச் சதைக்கு அடியில் ஒரு பையை வைத்துத் தைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் ஊசி வழியாக அதில் கொஞ்சம் கொஞ்சமாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். தோல் விரிந்து இடம் கொடுத்ததும் இன்னோர் ஆபரேஷன் செய்து, பையை எடுத்துவிட்டு சிலிக்கான் வைப்பதாக ஏற்பாடு. அந்த இடத்தில் உணர்ச்சி இருக்காது என்று அவர்கள் சொன்னது அப்போது அவள் மண்டையில் ஏறவில்லை. ஒருநாள் கொதிகஞ்சி மேலே சிந்தியது. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டதே அவளுக்குத் தெரிந்தது.

அங்கே உணர்ச்சி இல்லாத சங்கதி ஆண்டனிக்குத் தெரியாது.

"கத்திய வச்சிட்டு வெளிய வாடா," என்றாள் இப்போது.

அவன் அவளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துப் பேசினான். "நெஞ்சுக்கறி கேட்டீங்கல்ல? அண்ணிகிட்ட கேளுங்க. ரப்பர்ல வச்சிக்கீது."

"ரப்பராவது நான் கேட்டு வச்சிக்கினது. உன் மூஞ்சி கேக்காமலே வந்துது பாரு."

இந்த முறை கூட்டம் அவள் பக்கம் சிரித்தது. ஆண்டனிக்கு அது பொறுக்கவில்லை. கத்தியைக் கட்டையில் குத்திவிட்டு வந்து அவள் தலைமயிரைப் பிடித்தான். பிடித்து, அவள் நெற்றியைக் கடையின் இரும்புத் தூணில் மோதினான். விஜயராணிக்குக் கண்ணில் ரத்தம் இறங்கியது. கைக்கு எட்டிய எடை மெஷினை இழுத்து அவன் முழங்காலில் போட்டாள். அவன் நொண்டிக்கொண்டே அவளைக் கூண்டின் மேல் தள்ளினான். கூண்டு சரிந்தது. கோழிகள் கத்திக்கொண்டு நாலா பக்கமும் சிதறின. இறகும் ரத்தமும் எச்சமுமாக இருந்த தரையில் இருவரும் புரண்டார்கள். அவன் காதை அவள் கடித்தாள். விலக்கிவிட யாரும் வரவில்லை.

எழுந்தபோது கட்டை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கத்திப்பிடி கையில் தட்டுப்பட்டது. ஆண்டனி அதைக் கவனிக்கவில்லை. அவன் கண் ஒரே இடத்தில்தான் இருந்தது. முழங்கையை மடக்கி, முழு பலத்தோடு அவள் இடது மார்பில் இடித்தான்.

இடித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பக்கிரி கண்ணை மூடிக்கொண்டார்.

விஜயராணி அசையவில்லை. பூட்டிய கதவை அடுத்த வீட்டில் யாரோ தட்டுவது போலத்தான் இருந்தது அவளுக்கு. ஆண்டனி திகைத்து, அதே இடத்தில் மறுபடி இடித்தான். அவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அவ்வளவுதானாடா?" என்றாள்.

அவன் முகம் அப்போதுதான் வெளுத்தது. பின்வாங்கியவனின் வலது கையைப் பிடித்து இழுத்துக் கட்டையின் குழியில் அழுத்தினாள். கத்தி மேலே போனது. கீழே வருவதற்கு முன் அவள் அதைத் திருப்பிப் பிடித்தாள். தடித்த முதுகு கீழே, கூர் மேலே. கோழிக்காலை உடைக்க அவள் எப்போதும் செய்வதுதான். கூட்டம் அதை இரக்கம் என்று நினைத்தது.

மணிக்கட்டு ஒரே போடில் முறிந்தது.

ஆஸ்பத்திரியில் ஆண்டனி, வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். உண்மையைச் சொன்னால் எந்த இடத்தில் இடித்தான் என்பதையும் சொல்ல வேண்டி வரும்.

இரண்டு நாளில் விஜயராணியின் இடது பக்கம் காற்றிழந்த பந்து போலத் தொய்ந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் கடுத்தார்.

"பை கிழிஞ்சிருக்கு. எப்படிம்மா ஆச்சு?"

"சேவல் உதைச்சிடுச்சி சார்."

அவர் அவள் நெற்றித் தையலைப் பார்த்தார். "கசிஞ்சது உப்புத் தண்ணிதான், உடம்பு இழுத்துக்கும். தோல் வேணுங்கிற அளவுக்கு விரிஞ்சாச்சு. தள்ளிப்போட வேண்டாம், சீக்கிரமே சிலிக்கான் வச்சிடலாம். ஆனா அதுக்கப்புறம் ஒன்றரை மாசம் கத்தியத் தொடக் கூடாது. கடைய யார்கிட்டயாவது விட்டுட்டு வர முடியுமா?"

விஜயராணி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். கடைச் சாவி இடுப்பில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"கை எலும்பு முறிஞ்சா, மாவுக்கட்டு எத்தினி நாள் சார்?"

"மணிக்கட்டா? அதுவும் ஒன்றரை மாசம் ஆகும். ஏன் கேக்கிற?"

"ஒண்ணுமில்ல சார். கடையப் பூட்டிட்டு வரேன், இந்த வாரமே நாள் குறிங்க."