எல்லாமே தடித்த எழுத்தில்

1

இந்தக் கதை என் வீட்டில் பிறக்கவில்லை. கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் என் பெட்டியைக் கொடுத்துவிட்டு, ஆடும் நாற்காலியில் ஆடாமல் உட்காரப் பழகிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் போனில் சொன்னார்: "அக்கா, அதை நீ தொறக்காத. நான் வந்து தொறந்து தரேன்."

என் கைமுதல் அவ்வளவுதான். போனை வைத்தவர் திருப்புளியைக் கீழே போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். எதைத் திறக்கக் கூடாது, ஏன் கூடாது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும், கதை கிடைத்திருக்காது. ஆகவே இனி வரும் அக்கா, அத்தான், சண்டை எல்லாம் என் பொறுப்பு.

2

தொடக்கம் ஒன்று: இறக்குமதி செய்த மின்னஞ்சல் காப்பகக் கோப்புகள் திறக்க மறுப்பதற்குக் காரணங்கள் பலவாக இருக்கலாம். அவற்றுள் முதலாவது— (அட்டைப் பெட்டியோடு வரும் கையேடு மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: வெளியே மழை. தம்பியின் மனத்துக்குள்ளும்— (மன்னிக்கவும்.)

தொடக்கம் மூன்று. இதையே வைத்துக்கொள்கிறேன்:

கடைக்காரத் தம்பி அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது மடிக்கணினி சாப்பாட்டு மேசை மேல், காய்ச்சல்காரக் குழந்தையைப்போலத் துண்டு போர்த்திக்கொண்டு கிடந்தது. அக்கா பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். அவள் வேலை பார்த்த அலுவலகத்தை மூடியபோது, அவரவர் மின்னஞ்சல்களை ஒரு குறுந்தகட்டில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைப் பக்கத்து வீட்டுப் பெண் கணினியில் ஏற்றித் தந்தாள். கோப்புறைகளின் பெயர்கள் ஒழுங்காக வந்து நின்றன. எதைத் தட்டினாலும், திறக்க இயலவில்லை என்று ஒரே பதில்.

அக்காவுக்கு வேண்டியவை அத்தானின் அஞ்சல்கள். அவள் வேலைக்குப் போக, வீட்டைப் பார்த்துக்கொண்டவர் அத்தான். தினமும் அவள் அலுவலக முகவரிக்கு ஒன்று போடுவார். சாயங்காலம் என்ன சமைக்கட்டும். மாடி வீட்டுக்காரர் நம் கொடியில் துணி காயப்போட்டிருக்கிறார், சண்டை போடவா, நீ வந்து போடுகிறாயா.

தம்பிக்கு வேண்டியது வேறு. அந்த அஞ்சல் பெட்டிக்குள் அவன் அனுப்பியதும் ஒன்று இருந்தது.

3

[சண்டையைச் சொல்லியாக வேண்டிய இடம். முதல் வரைவில் சொத்துத் தகராறு வைத்தேன். கதை என்னை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விட்டது.]

நடந்தது சின்ன விஷயம். கூடம் நிறைய சொந்தக்காரர்கள். அத்தான் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தபோது, "எங்க அக்கா சம்பளம் இல்லாத சமையல்காரரா பாத்துக் கட்டிக்கிட்டா" என்றான் தம்பி. சிரிப்பு மூட்டத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை என்றுதான் முதலில் எழுதினேன். இல்லை, இரண்டு பேர் சிரித்தார்கள். கெட்டுப்போனது அதனால்தான். இனி இந்த வாசல்படி மிதிக்காதே என்று அக்கா சொல்லிவிட்டாள்.

ஆறின பிறகு அவன் மன்னிப்புக் கேட்டு அவள் அலுவலகத்துக்கு எழுதினான். பதில் வரவில்லை. படித்துவிட்டு ஒதுக்கிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டான். அப்புறம் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மருந்துச் சீட்டைக் கைமாற்றும் அளவுக்குப் பேச்சு துளிர்த்தது. வரப்போக இருந்தான். அந்தப் பழைய பேச்சை மட்டும், இருட்டில் மேசை முனையில் இடித்துக்கொள்ளாமல் நடப்பதுபோல், இருவரும் விலகி விலகி நடந்தார்கள்.

படிக்காத அஞ்சல் தடித்த எழுத்தில் நிற்கும். படித்தது மெலிந்துவிடும்.* அவனுக்கு இது தெரிந்தால் போதும். தடித்திருந்தால் அக்கா பார்க்கவேயில்லை. அவனை ஒதுக்கவும் இல்லை. மெலிந்திருந்தால்—

* மெலிவது என் சொல். கடைக்காரர் இதற்கு வேறு ஏதாவது சொல்வார்.

4

வேறு நிரல் எதுவும் அந்தக் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. நகலில் குறை இருக்குமோ என்று குறுந்தகட்டிலிருந்து மறுபடி எடுத்தான். அப்போதும் அதே பதில். பிறகுதான் கண்ணில் பட்டது. தகட்டிலிருந்து வந்த கோப்புகள் 'படிக்க மட்டும்' என்ற குறியோடு வந்திருந்தன. மின்னஞ்சல் நிரலோ, எதைப் படித்தோம் எதைப் படிக்கவில்லை என்று அந்தக் கோப்புக்குள்ளேயே குறித்துக்கொள்ளும். குறிக்க விடாவிட்டால் திறக்காது.

"படிக்க மட்டும்னு போட்டுட்டுப் படிக்கவும் விடாதா? உங்க அத்தான் அடுப்படி மாதிரி இருக்கே, எதையும் தொட விடமாட்டார்" என்றாள் அக்கா.

"மச்சான், நோயாளி கண்ணைத் தொறந்தாரா?" என்று உள்ளேயிருந்து அத்தான் கேட்டார்.

[இந்த அத்தான்மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவராக ஒரு மனிதர் இருப்பாரா? ஒரு வரைவில் கொஞ்சம் முணுமுணுக்க விட்டுப் பார்த்தேன், அவருக்கு வரவில்லை. ஆனால் ஒன்று. தம்பி அடுப்படிப் பக்கம் வந்தால் கையில் இருக்கும் கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிடுகிறார். அதை நான் யோசித்து எழுதவில்லை. எழுதிக்கொண்டு போகையில் கண்ணில் பட்டது.]

தம்பி குறியை நீக்கினான். கோப்பு திறந்தது.

மேலிருந்து கீழ்வரை எல்லாமே தடித்த எழுத்து. அக்கா பதில் போட்டவைகூட. ஏற்றும்போது, படித்த தடயம் ஒன்றுவிடாமல் உதிர்ந்துபோயிருந்தது. அவனுடையதும் அதில் எங்கோ, மற்றவற்றைப் போலவே கொழுகொழுவென்று.

தொழில் தெரிந்தவனுக்கு இது முன்னமே தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆசைப்படுகிறபோது அதெல்லாம் ஞாபகத்துக்கு வருவதில்லை.

5

முடிவு அ: அக்கா எழுந்து போகிறாள். தம்பி தன் அஞ்சலைத் தேடி அழித்துவிடுகிறான். (கை வரவில்லை. அவனுக்கும் எனக்கும்.)

முடிவு ஆ: அக்கா திரையைப் பார்த்தபடியே சொல்கிறாள். "நீ ஒண்ணு அனுப்பியிருந்த. பேரைப் பாத்தேன், தொறக்கலை. தொறந்தா பதில் எழுதணுமே." (இந்த வரிக்காக ஒரு நாள் முழுக்க எனக்கு நானே காபி போட்டுக் கொடுத்துக்கொண்டேன். மறுநாள் கசந்தது. தம்பி சுலபமாகத் தப்பிவிடுகிறான்.)

முடிவு இ, பாதிதான் இருக்கிறது:

"எல்லாமே படிக்காததுன்னு காட்டுதே" என்றாள் அக்கா.

"அது அப்படித்தான் வரும்க்கா."

"நல்லதாப் போச்சு. முதல்லேர்ந்து படிப்போம். நீ எங்க எழுந்திரிக்கிற? உக்காரு." அத்தானையும் கூப்பிட்டாள். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தம்பியின் தோளில் ஊன்றிக் குனிந்தார்.

அக்கா உரக்கப் படித்தாள். குழாயில் காற்றுதான் வருகிறது, நீ வரும்போது தண்ணீராக வா என்று எழுதியிருந்தார் அத்தான். மூன்று பேரும் சிரித்தார்கள். ஒன்று மெலிந்தது. அடுத்தது மெலிந்தது.

தோளில் அந்தக் கை கனத்துக்கொண்டிருந்தபோதுதான் தம்பிக்கு உறைத்தது. அவன் பேசியது அத்தானை. மன்னிப்புக் கேட்டது அக்காவிடம். அக்கா படித்தாளா இல்லையா என்று இத்தனை வருஷம் கணக்குப் பார்த்தவன், கேட்க வேண்டியவருக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

இதற்குமேல் நான் எழுதப் போவதில்லை. அவனுடைய அஞ்சலுக்கும் இப்போது படிப்பதற்கும் நடுவே, அத்தான் எழுதியவை எத்தனையோ கிடக்கின்றன. கேட்டுவிட அவனுக்கு அவ்வளவு அவகாசம் இருக்கிறது. அக்கா வேகமாகப் படிக்கிறவள். அத்தான் தன் எழுத்துப் பிழைகளைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்; முகவரி தேட வேண்டிய தூரத்தில் இல்லை.

நீங்கள் தம்பியாக இருந்தால், எந்த அஞ்சலில் அக்காவை நிறுத்தச் சொல்வீர்கள்?