வெள்ளை வேட்டி போர்த்திய தோணி

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கடவுள் எதற்காக இரண்டு கையைக் கொடுத்தான் என்று அடைக்கலத்துக்கு விளங்கவில்லை. பதுளை பஜாரில், கொழும்பு லொறியிலிருந்து அந்தச் சாமானை இறக்கித் தன் பிக்கப்பில் ஏற்ற ஆள் கேட்டபோது, சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மீதிப்பேர் எந்தப் பக்கம் நின்றால் படம் நன்றாக விழும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சும்மா ஒரு கை பிடித்துவிட ஒருவன் இல்லை. கடைசியில் லொறிக்காரன், மகன் கஜேந்திரன், வண்டி ஓட்ட வந்த றுஷ்தி, பக்கத்து மரக்கறிக் கடையிலிருந்து இழுத்து வரப்பட்ட ஒருத்தன் என்று நாலு பேர் மூச்சு முட்டத் தூக்கி ஏற்றினார்கள். அடைக்கலம் தூக்கவில்லை. காலையில்தான் ஆஸ்பத்திரி கிளினிக்கில் நெஞ்சைக் காட்டிவிட்டு வந்திருந்தார். பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் பிள்ளை சொல்லியிருந்தாள். அவள் சொன்னதையும் அவர் முழுசாக நம்பவில்லை. ஆனால் இன்றைக்கு அது வசதியாக இருந்தது.

சாமான் என்றால் தோணி. மீன் பிடிக்கிற பிளாஸ்டிக் தோணி. கயாக் என்றான் கஜேந்திரன். செம்மஞ்சள் நிறம், இரண்டு ஆள் நீளம், நடுவில் ஒரு நாற்காலி, தூண்டில் செருக ஓட்டைகள். பிக்கப்பின் பெட்டிக்குள் பாதிதான் அடங்கியது. மீதி வெளியே நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அவர்களுடைய தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா இப்போது வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் விடுதி. அங்கேதான் கஜேந்திரனுக்கு வேலை. பங்களாவுக்குக் கீழே இருக்கிற குளத்தில் விருந்தாளிகள் தோணியில் உட்கார்ந்து மீன் பிடிக்கப்போகிறார்களாம்.

"புடிச்ச மீன என்னா செய்வாங்க?" என்று கேட்டார் அடைக்கலம்.

"திரும்பத் தண்ணியிலயே விட்டுருவாங்கப்பா."

"அப்ப எதுக்குடா புடிக்கிறது?"

கஜேந்திரன் பட்டி போட்டு இறுக்கினான். டிக் டிக் என்று பல் கடிக்கிற ஒரு இரும்புப் பிடியோடு விடுதிக்காரர்கள் கொடுத்தனுப்பிய பட்டி. அடைக்கலத்துக்கு அதில் நம்பிக்கையில்லை. அதற்கு மேலே கயிற்றால் ஒரு கட்டு, கயிற்றுக்கு மேலே இன்னொரு கட்டு. அப்படியும் போதவில்லை. இந்த நிறத்தில் ஒரு சாமானைத் திறந்து போட்டுக்கொண்டு போனால் வழியில் இருக்கிறவன் கண்ணெல்லாம் இதிலேதான் விழும், பொலிஸ்காரன் கண்ணும் விழும், நிறுத்தி ஆயிரம் கேள்வி கேட்பான்.

"போர்த்துடா" என்றார்.

"எதப்பா போர்த்துறது?"

அவர் தன் பையிலிருந்து எட்டுமுழ வெள்ளை வேட்டியை எடுத்துக் கொடுத்தார். கிளினிக் போகும்போதெல்லாம் அதைக் கொண்டுபோவார். திடீரென்று வார்ட்டில் படுக்கச் சொல்லிவிட்டால்? எவன் படுத்த துணியோ, அதில் அவர் படுக்கமாட்டார். வேட்டி தோணிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. தலையிலிருந்து வால்வரை மூடியது. நாலு மூலையையும் கயிற்றுக்குள் செருகியபோது அடைக்கலம் அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் திருப்திப்பட்டார்.

மேடு ஏறும்போது தோணி பின்னால் வழுகும் என்று கஜேந்திரனைப் பின்னாலேயே உட்காரச் சொன்னார். றுஷ்திக்கு ஒரே கட்டளை: மெதுவாகப் போ, இரண்டு பக்க சிக்னலையும் மினுங்கவிட்டுப் போ.

"பெரியவரே, இந்த ஸ்பீட்ல நடந்து போறவன் நம்மள முந்திருவான்."

"முந்தட்டும். அவன் கையில தோணியா இருக்கு?"

பசறை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மழையோடு மூடுபனியும் இறங்கியது. கண்ணாடியை ஏற்றியதும் உள்ளே ஆவி படிந்தது. றுஷ்தி தன் முன்னாலிருந்த அளவுக்கு மட்டும் துணியால் துடைத்துக்கொண்டான். அடைக்கலத்தின் பக்கம் சுவர் மாதிரி வெள்ளையாக இருந்தது. இடது பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. வெளியே நின்று பிடியை மேலே தூக்கி, கீழே முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினால்தான் திறக்கும். அந்த வித்தை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அடைக்கலம். மற்றவன் கதவை அப்படி ஆக்கியவன்.

அவன் தம்பி வீரய்யா. இரண்டு பேரும் தோட்டத்தில் சேவை முடிந்து வந்த காசைச் சேர்த்துத்தான் இந்த வண்டியை எடுத்தார்கள். ஒரு தேர்தல் நேரம் அண்ணனைக் கேட்காமல் வீரய்யா யாருக்கோ கொடி கட்ட வண்டியைக் கொடுத்தான். போன வண்டி மதகில் மோதிக் கதவு உள்வாங்கித் திரும்பி வந்தது. முழங்காலால் தட்டித் திறக்கிற வித்தையை அவன்தான் முதலில் கண்டுபிடித்தான். அடைக்கலம் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். வார்த்தை வளர்ந்து, லயத்து வீட்டு வரிசையே வெளியே வந்து பார்க்க, "என் பொணத்துக்குக்கூட நீ வரக்கூடாது" என்று அவர் கத்தினார். "ஒன் வாசப்படிய மிதிச்சா என்னய செருப்பால அடி" என்று அவன் கத்தினான். அதோடு சரி. அவன் மகளுடைய கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. இவர் மனைவியின் சாவுக்கு அவன் சுடுகாட்டில் தூர நின்று பார்த்துவிட்டுப் போனான். கதவின் நெளிவு மட்டும் தட்டி எடுக்கப்படாமல் அப்படியே இருந்தது.

முன்பெட்டியில் கிடந்த கஜேந்திரனின் போன் அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது.

"எடுங்க பெரியவரே."

"பாட்டு வையுங்கன்னு சொல்லி காசு வெட்ட போன் கம்பனிக்காரன் அடிப்பான். அடிக்கட்டும்."

நமுனுகுல மேடு தொடங்கியபோதுதான் அடைக்கலம் கண்ணாடியில் விரலால் ஒரு ஓட்டை துடைத்து வெளியே பார்த்தார். பார்த்ததும் எரிச்சல் வந்தது. றோட்டோரத்தில் குந்தியிருந்தவர்கள் வண்டியைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். ஒருத்தன் மழையிலும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தான். எதிரே வந்த பஸ், எந்த நாளும் ஆளைத் தள்ளிக்கொண்டு போகிற பஸ், ஓரம் கட்டி நின்று வழிவிட்டது. றோட்டோரம் இருந்த அஸீஸின் கடையில் ஒரு பலகையைப் போட்டுப் பாதி அடைத்தார்கள்.

"பாத்தியா றுஷ்தி? அவ்வளவு மூடியும் கண்ணு வைக்கிறானுங்க."

"இல்ல பெரியவரே, இவங்க நிக்கிற நிலையே வேற மாதிரி இருக்கு."

"ஒனக்கு என்னா தெரியும்? நீ றோட்டப் பாரு."

பின்னால் கஜேந்திரன் மழைக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, தோணி வழுகாமல் இரண்டு கையாலும் அணைத்து, அதன்மேல் கவிழ்ந்து கிடந்தான். அது முன்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. றோட்டில் நின்றவர்களுக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

தோட்டத்து எல்லையில் திரும்பியதும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கிவிட்டு வரிசையாகக் கீழே வருவது தெரிந்தது. லயத்துப் பக்கமிருந்து தப்பு மேளம் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. யாரோ தோலை நெருப்பில் காட்டிச் சுருதி பார்க்கிறார்கள். அடைக்கலம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாவு விழுந்திருக்குடா. யாருன்னு தெரியலியே. காலையில போறப்ப எல்லாரும் நல்லாத்தானே இருந்தாங்க?" பிறகு வழக்கமான கோபம் திரும்பி வந்தது. "ஒரு சாவு சொல்ல ஆளில்ல பாரு. போன் எதுக்கு வச்சிருக்கானுங்க?"

லயத்து முற்றத்தில் நீலத் தறப்பாள் பாதி கட்டியிருந்தது. அவருடைய வாசலுக்கு நேரே. இஸ்தோப்புத் திண்ணையில் வாங்குப் பலகையை இழுத்துப் போட்டு அதில் ஒரு பாய் விரித்திருந்தது. ஓரத்தில் பச்சை மூங்கில், இப்போதுதான் வெட்டியது, கணு செதுக்கிக் கிடந்தது. றுஷ்தி வண்டியை நிறுத்தியதும் பெண்களின் ஓலம் ஒன்றாக எழுந்தது. கொழுந்து எடுக்கிற இராக்கம்மாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. "எங்கள விட்டுட்டுப் போயிட்டியே அடைக்கலண்ணே..."

அடைக்கலம் கதவுப் பிடியை ஆட்டினார். கண்ணாடியில் தட்டினார். உள்ளே மாட்டிக்கொண்ட ஆட்டைப்போல முட்டினார். வெளியே யாரோ வண்டியை நோக்கித் தள்ளாடி நடந்து வந்தார்கள். பிடி மேலே தூக்கப்பட்டது. கீழே முழங்காலால் ஒரு தட்டு. கதவு திறந்தது.

வீரய்யா நின்றான். மூங்கில் வெட்டிய கத்தி இன்னும் கையில் இருந்தது. மழையில் நனைந்த தலை முழுக்க நரைத்திருந்தது. கண் இரண்டும் செக்கச் சிவந்திருந்தன. அண்ணனை மேலும் கீழும் பார்த்தான். பின்னால் இருந்த வெள்ளை வேட்டியைப் பார்த்தான். திரும்ப அண்ணனைப் பார்த்தான்.

"பொணத்துக்கு வராதன்னுதானே சொன்னேன்?" என்றார் அடைக்கலம்.

"வந்துட்டேன். என்னா செய்யப்போற?"

"நான் பொணமில்லியே."

"அது இப்பத்தானே தெரியுது."

கஜேந்திரன் பின்னாலிருந்து குதித்து வேட்டியை உருவினான். செம்மஞ்சள் நிறம் மழையில் பளபளவென்று வெளியே வந்தது. ஓலம் ஒவ்வொரு தொண்டையாக நின்றது. இராக்கம்மாவினுடையது மட்டும் கொஞ்சம் பிந்தி நின்றது.

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். மருமகள் சுதர்ஷினி அழுத முகத்தோடு போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். பசறையில் எவனோ பிடித்த படம். மினுங்குகிற சிக்னல், வெள்ளைத் துணி, அதன்மேல் கவிழ்ந்து கிடக்கிற கஜேந்திரன். "காலையில நெஞ்சு வலின்னு போனீங்க மாமா. இது வருது. போன் அடிக்கிறேன், எடுக்கல. நான் என்னான்னு நெனைக்கிறது? வேட்டிய யாரு போத்தச் சொன்னது?"

"அப்பாதான்" என்றான் கஜேந்திரன்.

"ஒங்களால எங்களுக்கு அரைப்பேரு, அரைநாள் சம்பளம் போச்சு" என்றாள் இராக்கம்மா, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டே. "கொழுந்த போட்டது போட்டபடி வந்தோம். செத்திருந்தாலாவது ஒரு நியாயம்."

"அடுத்த தடவ சொல்லிட்டு சாகுறேன், போ."

அடைக்கலத்துக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. ஒரு ஆள் செத்தானா இல்லையா என்று வண்டியை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்க ஒருத்தனுக்கும் வாய் இல்லை. பிண வண்டியை மறிக்கக்கூடாதாம். துண்டை அவிழ்க்க மட்டும் தெரிந்திருக்கிறது.

ஆனால் தோணி இன்னும் வண்டியில்தான் இருந்தது. குளத்துக்கு வண்டி போகாது. படிக்கட்டு இறங்கித் தூக்கித்தான் போகவேண்டும். பஜாரில் நாலு பேரைச் சேர்க்க நாய்ப்பாடு பட்டிருக்க, இங்கே தூக்குவதற்கென்றே வந்த ஆட்கள் முற்றம் நிறைய நின்றார்கள். கஜேந்திரன் கேட்பதற்கு முன்பே தோள் கொடுத்துவிட்டார்கள். அதிலும் ஒரு வாக்குவாதம். கால் பக்கம்தான் முன்னால் போகணும் என்றான் ஒருத்தன்.

"அதுக்கு ஏதுடா காலு?" என்று கத்தினார் அடைக்கலம். "மூக்கு முன்னால!"

முன் தோளில் வீரய்யா நின்றான். போகும்போது உள்வாங்கிய கதவை ஒரு விரலால் தொட்டான்.

"இத இன்னும் தட்டலியா?"

"தட்டினா நீ செஞ்சது மறந்து போயிரும்."

"வண்டிய பாக்கத்தான் வந்தேன்னு நெனச்சிக்க" என்றான் வீரய்யா, பாரத்தில் மூச்சு வாங்க.

"அதத்தான் நெனைக்கிறேன்."

தோணி தோள்களில் ஏறிப் படிக்கட்டை நோக்கி ஆடி ஆடிப் போனது. சுட வைத்த தப்பு வீணாகிறதே என்று தப்புக்காரன் இரண்டு அடி போட்டான். சின்னப்பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். அடைக்கலம் தப்புக்காரனை ஏசினார். அவன் சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக அடித்தான். மனம் கேட்காமல் படி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் பிள்ளை சொன்னதை யாருக்கும் கேட்காமல் தனக்கே ஒருமுறை சொல்லிக்கொண்டு, அவர் திரும்பினார்.

வாசலில் ஒரு சோடி இறப்பர் செருப்பு கிடந்தது. படிக்கு வெளியே இல்லை, படிமேலே. குதி தேய்ந்து, இடது கால் பட்டியைக் கம்பி குத்தி முடிச்சுப் போட்டிருந்தது. வீட்டில் இருக்கிற யாருடையதும் இல்லை. மழைத்தண்ணீர் அதற்குள் நிறைந்துகொண்டிருந்தது. கீழே மூங்கிலைச் சுற்றிச் சேற்றில், அதை வெட்டியவனின் வெறுங்கால் தடங்கள்.

தம்பியின் கண் சிவந்ததைப் பற்றி யோசித்தார். தப்புக் காய்ச்சிய நெருப்பு அந்தப் பக்கம்தான் எரிகிறது. ஈர விறகு. புகை யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரவைக்கும்.

கால் பெருவிரலால் ஒரு செருப்பைக் கவிழ்த்தார். தண்ணீர் கொட்டியது. மற்றதை அப்படியே விட்டுவிட்டுத் தாண்டி, சமையல்கட்டு வழியாகப் பின்பக்கம் நடந்தார். "பொணம்னாதான் வருவான்" என்று முணுமுணுத்துக்கொண்டே. குளத்துப் பக்கமிருந்து தப்புச் சத்தம் இன்னும் வந்துகொண்டிருந்தது.