அம்சத்தின் வயிறு

காவிரி தன் கிளைகளைக் கைவிரல்களென விரித்துக் கடலைத் தொடப்போகும் கீழைத் தஞ்சை நாட்டிலே, திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, மார்கழிப் பனி விலகிய காலைப்பொழுதில், சூல்கொண்ட சம்பாப் பயிர்கள் தலைகவிழ்ந்து நாணி நின்றன. ஆயினும், கற்றறிந்தோரே, அவற்றை நட்டவை அவ்வூரார் கைகள் அல்ல. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட குற்றத்திற்காக, சேரிமக்கள் புரட்டாசி முதலே நிலக்கிழார்களால் வயலினின்றும் விலக்கப்பட்டிருந்தனர். ஐப்பசியில் நடவுக்கு வந்த வெளியூராரை மறித்து நின்ற வீரையன் சிறைப்பட்டான். சேரியின் அடுப்புகளில் நத்தையும் கீரையுமே வெந்தன.

வீரையன் மனைவி அம்சம், மணந்து ஒன்பதாண்டாகியும் மகவு காணாதவள், அன்று நத்தை வெந்த மணம் மூக்கிலேறக் குமட்டி, கண்ணிருண்டு, வேலியைப் பற்றியவாறே சரிந்தமர்ந்தாள். ஐந்து மக்களைப் பெற்ற அண்டைவீட்டுக் கண்ணாத்தாள் ஓடிவந்து தாங்கினாள்.

“தலைக்குக் குளிச்சு எவ்வளவு நாளாச்சுடி?”

“ரெண்டு மாசம் தாண்டிருச்சுக்கா. வெளிய சொல்ல பயமா இருந்துச்சு.”

“காலையில தலை சுத்துதா?”

“எழுந்திருக்கவே முடியல. புளியங்கா மேலயே நெனப்பா இருக்கு.”

“அப்ப அதான். வேற என்ன?” என்றாள் கண்ணாத்தாள்.

வறண்ட வாய்க்காலில் முதல்நீர் நுழைந்தாற்போல் அம்சத்தின் உள்ளத்தில் உவகை ஊர்ந்தது. சிறைக்கு நடந்துசென்று, கம்பிகளுக்கப்பால் மெலிந்து நின்ற கணவனிடம் தாழ்குரலில் அதனை உரைத்தாள். அவன் கம்பியினூடே விரல் நீட்டி அவள் கையைப் பற்றினான்.

“பாரம் எதையும் தூக்காத. புள்ள பொறக்குறதுக்குள்ள வந்துருவேன்” என்றான் பின்னர்.

தை பிறந்தது. பசியால் மக்கள் நலிவதைக் காணப் பொறாத சேரித் தலைவர்கள் பழைய கூலிக்கே இசைந்து பணிந்தனர். அம்சமும் அரிவாளேந்தி அறுவடைக்குச் சென்றாள். பல திங்களுக்குப்பின் புதுநெற்சோற்றை நாள்தோறும் வயிறார உண்டாள். குமட்டல் அகன்றது, கன்னம் தேறியது. தை முடியும் நாளில், அறுத்த நெல்லரிகளுக்கிடையே குனிந்திருந்தவள் தொடையில் வெம்மை வழிவதை உணர்ந்தாள். வலியில்லை, வழக்கமாக மாதந்தோறும் வந்த அதே உதிரம்.

கண்ணாத்தாள் அவளை வரப்போரம் அமர்த்தி, வயிற்றைத் தடவி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இதுல ஒண்ணும் தங்கவே இல்ல தாயி. பட்டினி கெடந்தா தீட்டு நின்னு போறதும் உண்டு. எனக்குத்தான் அப்ப புத்தி தட்டல. சோறு கண்டதும் ஒடம்பு திரும்பிருச்சு.”

“அவருகிட்ட என்னக்கா சொல்லுவேன்?”

களத்திலிருந்து அழைக்கும் குரல் கேட்கவே, இருவரும் எழுந்து அறுக்கப் போயினர்.

மாசியில் அம்சம் மீண்டும் கம்பிகளின்முன் நின்றாள். அவள் தேறிய கன்னங்களைச் சூலின் பொலிவெனக் கண்டு வீரையன் முகம் மலர்ந்தான்.

“நல்லா சாப்புடுறியா?”

“வயிறார சாப்புடுறேங்க.”

பொய்யேதும் அவள் புகன்றிலள். அம்மெய்யினும் கொடியதொன்றை அச்சிறைக்கம்பிகள் அதுகாறும் கேட்டிரா.